இருக்கலாம்

என் வாழ்க்கையில் ஒரே ஒரு நாள் நான் ஒற்றனாக வேலை பார்த்திருக்கிறேன். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. பெரியப்பாவின் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த சமயம். ஜாதகம் பொருந்திவிட்டது, பையனுக்கு நிலையான உத்தியோகம், குடும்பமும் கேள்விப்பட்ட குடும்பம்தான். "எதற்கும் ஒரு நடை போய் நாலு பேரிடம் விசாரித்துக்கொண்டு வந்துவிடு. நீ கதை எழுதுகிறவன். ஆளைப் பார்த்தே சொல்லிவிடுவாய்" என்றார் பெரியப்பா. அப்போது என்னுடைய கதைகள் இரண்டே இரண்டுதான் அச்சாகியிருந்தன. அந்தப் புகழுரையில் மயங்கி நானும் பஸ் ஏறினேன்.

பையன் குடியிருந்த தெருமுனையில் ஒரு டீக்கடை. கடைக்காரர் முதலில் பிடி கொடுக்கவில்லை. இரண்டாவது டீக்குப் பிறகு, "நல்ல மனுஷர்தான். கொஞ்சம் குடிப்பார் போலிருக்கிறது" என்றார். எதிர்வீட்டு அம்மாள், "நான் கண்ணால் பார்த்ததில்லை, தம்பி. அப்படி ஒரு பேச்சு இருக்கிறது" என்றாள். பையனோடு ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒருவர் உதட்டைப் பிதுக்கி, "இருக்கலாம்" என்றார். மூன்று பேர், மூன்று பேர் சொன்னதும் ஒத்துப் போயிற்று. இதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்?

இரவு பத்து மணிக்கு வீடு திரும்பினேன். பெரியப்பா திண்ணையில் விழித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

"என்னடா?"

"குடிப்பாராம், பெரியப்பா."

அவர் உள்ளே போய்ப் பெரியம்மாவிடம், "பையன் குடிகாரனாம்" என்றார். காலையில் தரகரிடம் சொல்லியனுப்பிய செய்தியில் அந்த 'ஆம்' என்ற விகுதியும் இல்லை.

நம் தமிழில் இந்த 'ஆம்' ஓர் அருமையான ஏற்பாடு. 'வந்தான்' என்றால் எனக்குத் தெரியும் என்று பொருள். 'வந்தானாம்' என்றால் யாரோ சொன்னார்கள், நான் பார்க்கவில்லை என்று பொருள். ஒரே ஓர் அசையில் பேசுகிறவன் தன் அறிவின் எல்லையைச் சொல்லிவிடுகிறான். 'போலிருக்கிறது', 'பேச்சு இருக்கிறது', 'இருக்கலாம்' என்று நான் வாங்கிக்கொண்டு வந்த மூன்று சொற்களும் பஸ் ஸ்டாண்டுக்கும் திண்ணைக்கும் நடுவில் ஒரு 'ஆம்' ஆகச் சுருங்கின. திண்ணைக்கும் தரகர் வீட்டுக்கும் நடுவில் அதுவும் உதிர்ந்துவிட்டது. முதலில் உதிர்த்தவன் நான்.

நான்கைந்து ஆண்டுகள் கழித்து அந்த ஊர்க்காரர் ஒருவர் பேச்சுவாக்கில் ஒரு விஷயம் சொன்னார். தம் பெண்ணை அந்தப் பையனுக்குக் கொடுக்க நினைத்து, அது கூடிவராமல் மனம் கசந்துபோன ஒருவர் அதே தெருவில் இருந்தாராம். டீக்கடைக்காரருக்கும் எதிர்வீட்டு அம்மாளுக்கும் அலுவலகத்து மனிதருக்கும் செய்தி அந்த ஒரே வாயிலிருந்துதான் போயிருக்கிறது. நான் மூன்று பேரைக் கேட்டதாக நினைத்தேன். ஒருவரையே மூன்று முறை கேட்டிருக்கிறேன்.

பையன் உண்மையில் குடித்தாரா இல்லையா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அக்காவுக்குப் பிறகு வேறிடத்தில் கல்யாணம் ஆயிற்று, நன்றாகவே இருக்கிறாள். ஆனாலும் அந்த நாள் என்னை விடவில்லை. உளவுச் செய்தியை நம்பி அரசாங்கங்கள் எடுத்த முடிவுகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த டீக்கடைதான் நினைவுக்கு வருகிறது.

ஆள்கிறவன் தனக்குத் தெரியாததைத் தெரிந்துகொள்ள ஆள் வைப்பது புதிய வழக்கமல்ல. இழிந்த வழக்கமும் அல்ல. அறத்துப்பாலை முதலில் வைத்த வள்ளுவர், பொருட்பாலில் ஒற்றாடலுக்கென்று 59-ஆம் அதிகாரத்தை முழுதாக ஒதுக்கியிருக்கிறார். ஓர் ஒற்றன் கொண்டு வந்ததை இன்னோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்கச் சொல்கிறார். அதோடு விட்டாரா? ஒருவனை ஒருவன் அறியாதபடி மூவரை வைத்துக்கொள்ள வேண்டும், அந்த மூவர் சொல்லும் ஒத்தால்தான் ஏற்க வேண்டும் என்கிறார். அர்த்தசாஸ்திரத்தில் கௌடில்யரும் மூவர் சொல் ஒத்திருக்கிறதா என்றே பார்க்கச் சொல்கிறார். நானோ மூவர் என்ற எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் அறியாதவர் என்ற நிபந்தனையை விட்டுவிட்டேன். சூட்சுமம் முழுவதும் அந்த நிபந்தனையில் இருக்கிறது. டீக்கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அந்த அம்மாளும் பொய் சொல்லவில்லை. யாருமே பொய் சொல்லாமல் ஒரு பொய் ஊர் முழுவதும் நடந்து போக முடியும்.

உளவு என்றதும் நம் மனத்தில் வருவது சினிமா. கறுப்புக் கண்ணாடி, சுவரில் ஒளித்த காமிரா, நடுநிசியில் எல்லை தாண்டும் ஆள். இவையும் உண்டுதான். ஆனால் மந்திரியின் கைக்குக் கடைசியில் வந்து சேருவது ஒரு காகிதம். காகிதத்தில் சில வாக்கியங்கள். ஒரு தேசத்தின் யுத்தமும் சமாதானமும் சில சமயம் அந்த வாக்கியங்களில் ஒன்றின் வினைமுற்றைப் பொறுத்து நிற்கின்றன.

1951-இல் நடந்ததைச் சொல்கிறேன். யுகோஸ்லாவியாவின் டிட்டோ ஸ்டாலினோடு பகைத்துக்கொண்டு மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. சோவியத் அணி அந்த நாட்டின் மேல் பாயுமா என்று அமெரிக்கா கவலைப்பட்டது. மத்திய உளவு நிறுவனத்தில் இத்தகைய கேள்விகளுக்கு மதிப்பீடு எழுத ஒரு குழு இருந்தது. தாக்குதல் நடப்பதற்கு, அலட்சியம் செய்ய முடியாத அளவு வாய்ப்பு இருக்கிறது என்ற பொருளில் குழு தன் முடிவை எழுதி அனுப்பியது. சில நாள் கழித்து, குழுவைச் சேர்ந்த ஷெர்மன் கென்ட் என்பவரிடம் வெளியுறவு இலாகாவின் உயர் அதிகாரி ஒருவர், "அந்தத் தொடருக்கு என்ன ஐயா அர்த்தம்? எத்தனைக்கு எத்தனை?" என்று கேட்டார். தாக்குதல் நடக்கும் என்பதற்கு 65, நடக்காது என்பதற்கு 35 என்று தம் மனத்தில் இருந்ததைக் கென்ட் சொன்னார். அதிகாரி திடுக்கிட்டுப் போனார். அவரும் அவருடைய சகாக்களும் அதைவிட மிகக் குறைவாக அல்லவா எடுத்துக்கொண்டிருந்தார்கள்!

கென்டுக்குக் கவலை பிடித்துக்கொண்டது. அந்த வாக்கியத்தை ஒப்புக்கொண்ட தம் குழுவினரை ஒவ்வொருவராக விசாரித்தார். ஒருவர் நூற்றுக்கு 80 என்று நினைத்திருந்தார். இன்னொருவர் நூற்றுக்கு 20 என்று நினைத்திருந்தார். எல்லாரும் சம்மதித்த வாக்கியம் ஒன்றுதான். ஆளுக்கு ஓர் அர்த்தத்தை மனத்தில் வைத்துக்கொண்டு சம்மதித்திருக்கிறார்கள். நல்ல வேளை, அந்த ஆண்டு தாக்குதல் நடக்கவில்லை.

கென்ட் யேல் பல்கலைக்கழகத்தில் சரித்திரப் பேராசிரியராக இருந்தவர். 1964-இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் எண்ணைக் கட்டிவைக்க வேண்டும் என்பது அவருடைய யோசனை. 'ஏறக்குறைய நிச்சயம்' என்றால் நூற்றுக்கு 93-ஐ ஒட்டி. 'அநேகமாக' என்றால் 75-ஐ ஒட்டி. இப்படி ஒரு பட்டியல். அவருடன் வேலை செய்தவர்களிலேயே பலர் இதற்கு உடன்படவில்லை. தம் சகாக்களில் சிலரைக் கணக்கர் என்றும் சிலரைக் கவிஞர் என்றும் அவர் பிரித்துப் பேசுகிறார். கவிஞர்களுக்கு எண் பிடிக்காது. சொல்லின் சாயை போதும் என்பார்கள். தொழிலால் நான் கவிஞர் கட்சி. கதையில் 'அவள் சிரித்தாள் போலிருந்தது' என்று எழுதிவிட்டு, நூற்றுக்கு எத்தனை என்று வாசகர் கேட்டால் எனக்குக் கோபம்தான் வரும். ஆனால் பீரங்கி வண்டிகள் புறப்படத் தயாராக நிற்கும்போது நான் கணக்கர் பக்கம் போய்விடுவேன்.

இப்போது இராக் யுத்தத்துக்கு வருவோம். 2002 செப்டம்பரில் பிரிட்டிஷ் அரசாங்கம் ஓர் அறிக்கை வெளியிட்டது. உத்தரவு பிறந்த 45 நிமிஷத்தில் ஸதாம் ஹுசேனின் படை ரசாயன, கிருமி ஆயுதங்களைப் பிரயோகிக்க முடியும் என்று அதில் இருந்தது. பத்திரிகைகள் இதைக் கொட்டை எழுத்தில் போட்டன. மூலச் செய்தியோ போர்க்களத்தில் குறுகிய தூரத்துக்கு வீசும் ஆயுதங்களைப் பற்றியது. அந்த வித்தியாசம் அறிக்கையில் இல்லை. படித்தவர்கள் தத்தம் ஊர்மேல் குண்டு விழப்போவதாக எண்ணிக்கொண்டார்கள்.

அக்டோபரில் அமெரிக்க உளவு நிறுவனங்கள் எல்லாம் சேர்ந்து, சில வாரங்களுக்குள் அவசர அவசரமாக ஒரு மதிப்பீடு தயாரித்தன. அதன் இரகசியப் பிரதியில் மாற்றுக் கருத்துகளும் இருந்தன. இராக் வாங்க முயன்ற அலுமினியக் குழாய்கள் அணுகுண்டுக்கு வேண்டிய யுரேனியம் தயாரிக்கத்தான் என்று ஒரு சாரார் சொன்னார்கள். இல்லை, வேறு காரியத்துக்காக இருக்க வேண்டும் என்று எரிசக்தி இலாகாவின் நிபுணர்கள் சொன்னார்கள். இராக் அணு ஆயுத முயற்சியை முழுமூச்சாக மறுபடி தொடங்கிவிட்டது என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்று வெளியுறவு இலாகாவின் உளவுப் பிரிவு எழுதி வைத்தது. ஆனால் பொதுமக்களுக்கென்று அச்சிட்ட பிரதியில் 'என்று மதிப்பிடுகிறோம்' என்ற தொடர் பல இடங்களில் நீக்கப்பட்டிருந்தது. மாறுபட்டவர் யார், எதில் மாறுபட்டார் என்ற விவரமும் போய்விட்டது. 2004-இல் அமெரிக்க செனட்டின் கமிட்டி இரண்டு பிரதிகளையும் ஒப்பிட்டு இதை எடுத்துக்காட்டியது. 'வைத்திருப்பதாக மதிப்பிடுகிறோம்' என்பது 'வைத்திருக்கிறது' ஆகிவிட்டது. அந்தப் பகுதியைப் படித்தபோது என் பெரியப்பா வீட்டுத் திண்ணையை நான் பார்த்தேன்.

2003 பிப்ரவரி 5-ஆம் தேதி அமெரிக்க வெளியுறவு மந்திரி காலின் பவல் பாதுகாப்புச் சபையில் பேசினார். ஊர் ஊராக நகரும் வண்டிகளில் இராக் கிருமி ஆயுதம் தயாரிக்கிறது என்று படம் போட்டுக் காட்டினார். நான்கு சாட்சிகள் என்று சொல்லப்பட்டது. ஆனால் பாரம் முழுவதையும் தாங்கியவர் ஒருவர். ஜெர்மனியில் அடைக்கலம் தேடிய இராக்கிய இன்ஜினியர் அவர். உளவுக்காரர்கள் வைத்த பெயர் 'கர்வ்பால்'. ஜெர்மன் உளவுத் துறை அவரை விசாரித்து எழுதியது. அதை அமெரிக்கர்கள் வாங்கிப் படித்தார்கள். யுத்தத்துக்கு முன் அமெரிக்க உளவு அதிகாரிகள் அவரை எதிரில் உட்கார வைத்து விசாரித்ததில்லை. நால்வரில் இன்னொருவர், கதை கட்டுகிற ஆள் என்று 2002-லேயே ஓர் அமெரிக்க நிறுவனம் எச்சரித்துக் குறிப்பு எழுதியிருந்தவர். அந்தக் குறிப்பு பார்க்க வேண்டியவர் கண்ணில் படவில்லை. 2011-இல் கர்வ்பாலே ஒரு பிரிட்டிஷ் பத்திரிகையிடம், தாம் சொன்னது புனைந்துரை என்று ஒப்புக்கொண்டார்.

2003 மார்ச் 20-இல் யுத்தம் தொடங்கிவிட்டது. ஆயுதங்களைத் தேடிப் பெரிய குழு ஒன்று ஓர் ஆண்டுக்கு மேல் இராக்கைச் சலித்துப் பார்த்தது. 1991-க்கு முந்திய பழைய, கெட்டுப்போன குண்டுகள் சில கிடைத்தன. சொல்லப்பட்ட கிடங்குகள் இல்லை. வண்டிகளும் இல்லை. அந்த யுத்தத்திலும் அதைத் தொடர்ந்த குழப்பத்திலும் மடிந்த இராக்கியர் ஒரு லட்சத்துக்கும் மேல். அமெரிக்கச் சிப்பாய்கள் 4,400-க்கும் மேல். அன்று சபையில் பேசியது தம் வாழ்க்கையில் ஒரு கறை என்று 2005-இல் பவல் சொன்னார்.

எல்லாரும் கூடிப் பொய் சொன்னார்கள் என்று முடித்துவிடுவது சுலபம். எனக்கு அது திருப்தியாக இல்லை. ஸதாம் 1988-இல் ஹலப்ஜாவில் சொந்த நாட்டு மக்கள்மேல் விஷ வாயுவை ஏவியவர். 1991-க்குப் பிறகு சில ஆண்டுகள் ஐ. நா. பரிசோதகர்களை ஏமாற்றியவர். ஈரான் தம்மைக் கண்டு அஞ்ச வேண்டும் என்பதற்காகத் தம் கையில் என்ன இருக்கிறது என்பதை வேண்டுமென்றே மூட்டமாக வைத்திருந்தவர். யுத்தத்தை எதிர்த்தவர்களிலும் பலர், அவரிடம் ஏதோ இருக்கிறது என்றே நம்பினார்கள். அந்த மனிதரின் முன்கதை அப்படி. முன்கதை இப்படி இருந்தால் பின்கதையும் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தார்கள்.

இது யாருடைய பழக்கம்? எங்களுடைய பழக்கம். நாவலாசிரியனுக்குத் தன் பாத்திரத்தின் உள்ளறை வரை சாவி உண்டு. முதல் அத்தியாயத்தில் திருடியவன் ஐந்தாம் அத்தியாயத்தில் பெட்டியருகே நின்றால் எதற்கு நிற்கிறான் என்று எனக்குத் தெரியும், வாசகருக்கும் தெரிந்துவிடும். ஆனால் ஸதாம் யாருடைய பாத்திரமும் அல்லவே! உயிருள்ள மனிதனின் உள்ளறைக்கு வெளியார் யாரிடமும் சாவி இல்லை. விண்ணிலிருந்து படம் எடுக்கிற கருவி கூரையைக் காட்டும். கூரைக்குக் கீழே உட்கார்ந்திருப்பவன் நாளை என்ன நினைப்பான் என்பதைக் காட்டாது. அவனுக்கே அது இன்று தெரியாமல் இருக்கலாம்.

ஆகவே, தவறாக நினைத்தது குற்றம் என்று நான் சொல்ல மாட்டேன். என்னால் மன்னிக்க முடியாதது வேறு ஒன்று. ஹான்ஸ் பிளிக்ஸ் தலைமையில் ஐ. நா. பரிசோதகர்கள் 2002 நவம்பர் கடைசியிலிருந்து இராக்கில் இருந்தார்கள். ஏறத்தாழ 500 இடங்களை நேரில் போய்ப் பார்த்துவிட்டார்கள். ஆயுதக் கிடங்கு கண்ணில் படவில்லை. 2003 மார்ச் 7-இல் பிளிக்ஸ் பாதுகாப்புச் சபையில், வேலை முடிய இன்னும் ஆண்டுக்கணக்கில் வேண்டியதில்லை, வாரக்கணக்கும் போதாது, மாதக்கணக்கில் ஆகும் என்று சொன்னார். வள்ளுவர் கேட்ட, மற்றவரை அறியாத ஒற்றர்கள் இவர்கள்தாம். இவர்கள் கர்வ்பாலைக் கேட்டு எழுதவில்லை. கதவைத் திறந்து பார்த்து எழுதினார்கள். மார்ச் 18-இல் அவர்களை வெளியேற வேண்டியதாக்கிவிட்டு, இரண்டு நாளில் குண்டு போட ஆரம்பித்தார்கள். தெரியாமல் இருந்தது குற்றமல்ல. தெரிந்துகொள்ள வழி இருந்தும், அதற்குள் முடிவு செய்துவிட்டதுதான் குற்றம்.

அப்படியானால் சந்தேகம் இருக்கும்வரை அரசாங்கம் கை கட்டிக்கொண்டு இருக்க வேண்டுமா? அதுவும் கூடாது. சந்தேகப்பட்டே கெட்டவர்களும் உண்டு.

1941 ஜூன் 22-இல் ஹிட்லரின் படை சோவியத் நாட்டுக்குள் புகுந்தது. புகப்போகிறது என்று ஸ்டாலினுக்குப் பல மாதங்களாகவே செய்தி வந்துகொண்டிருந்தது. டோக்கியோவிலிருந்து ரிச்சர்ட் ஸோர்கே என்ற உளவாளி எழுதினார். பெர்லினிலிருந்து எழுதினார்கள். ஏப்ரலில் சர்ச்சிலே எச்சரித்தார். ஸ்டாலின் நம்பவில்லை. என்னையும் ஹிட்லரையும் மோதவிட்டால் பிரிட்டனுக்குத்தானே லாபம், இந்தச் செய்தி அங்கிருந்துதான் கிளம்பியிருக்கும் என்று எண்ணினார். கவனியுங்கள்: அந்தத் தெருவில் நான் செய்யத் தவறிய விசாரணை இது. இதைச் சொல்வதால் யாருக்கு லாபம் என்று நான் கேட்கவில்லை; அவர் கேட்டார். கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் அவருடைய சந்தேகம் செய்தி கொண்டு வந்தவர் எல்லார் மேலும் பாய்ந்ததே ஒழிய, ஹிட்லர் இப்போது வரமாட்டார் என்ற தம் சொந்த எண்ணத்தின் பக்கம் ஒரு முறையும் திரும்பவில்லை.

அவருக்கு அறிக்கை கொடுத்தவரின் நிலையையும் நினைத்துப் பார்க்க வேண்டும். இராணுவ உளவுத் துறையின் தலைவர் கோலிகோவ் 1941 மார்ச் 20-இல் ஓர் அறிக்கை அனுப்பினார். ஜெர்மன் படை எந்தெந்த வழியாக வரக்கூடும் என்று வந்த செய்திகளை அதில் தொகுத்திருந்தார். தொகுத்துவிட்டு, இந்த வசந்த காலத்திலேயே யுத்தம் என்று வரும் பேச்செல்லாம் பிரிட்டிஷாரோ ஜெர்மானியரோகூடக் கிளப்பிவிட்ட புரளி என்று கருத வேண்டும் எனக் கடைசியில் முடித்தார். அவருக்கு முன் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்களில் பலர் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்து 'வருவான், இருக்கலாம்' என்று எழுத எத்தனை பேருக்குத் துணிவு வரும்? வாஷிங்டனில் அவசரம் 'இருக்கலாம்' என்ற சொல்லை அழித்தது. மாஸ்கோவில் பயம் அழித்தது. ஓரிடத்தில் அது 'இருக்கிறது' ஆயிற்று. மற்றோரிடத்தில் 'இல்லை' ஆயிற்று. இரண்டிலும் செத்தவர்கள் அறிக்கையைப் படித்தவர்கள் அல்ல.

"சரி ஐயா, நீங்கள் நாற்காலியில் இருந்தால் என்ன செய்வீர்கள்? பொறுத்தால் ஊர் அழியலாம். பாய்ந்தால் நிரபராதிகள் சாகலாம். நிச்சயம் என்பது கடைசிவரை வராது. 'இருக்கலாம்' என்ற சொல்லை வைத்துக்கொண்டு ஒரு தேசத்தை ஆள முடியுமா?" என்று ஒரு மந்திரி என்னைக் கேட்டால், அது நியாயமான கேள்விதான். அதற்குத் தர்க்கத்தால் பதில் சொல்ல எனக்குத் தெரியாது. ஒரு சம்பவத்தைத்தான் சொல்ல முடியும்.

1962 செப்டம்பர் 19-இல் அமெரிக்க உளவு நிறுவனங்கள், சோவியத் நாடு கியூபாவில் அணு ஏவுகணைகளை வைக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை என்று எழுதின. நிறுவனத்தின் தலைவர் மக்கோன் மட்டும் வைப்பார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அக்டோபர் 14-இல் உளவு விமானம் ஒன்று எடுத்த படங்களில் ஏவுகணைத் தளங்கள் தெரிந்தன. 16-ஆம் தேதி காலை ஜனாதிபதி கென்னடியிடம் படங்கள் வந்தன. மதிப்பீடு தவறு என்று ஆகிவிட்டது. உடனே குண்டு போட வேண்டும் என்றார்கள் தளபதிகள். எல்லா ஏவுகணைகளையும் அழித்துவிட முடியுமா என்று கென்னடி கேட்டார். தெரிந்த ஏவுகணைகளில் 90 சதவீதம்வரை அழிக்கலாம் என்று முப்படைத் தளபதிகள் குழுவின் தலைவர் பதில் சொன்னார். அந்தப் பதிலில் 'தெரிந்த' என்ற சொல் இருக்கிறது. 90 என்ற எண்ணும் இருக்கிறது. அந்தத் தளபதியை நான் வணங்குகிறேன். முழுதும் அழிக்கலாம் என்று மார்தட்டுவது அன்றைக்கு எவ்வளவு சுலபம்!

கென்னடி குண்டு போடவில்லை. கப்பல்களைக் கொண்டு தீவைச் சுற்றி வளைத்தார். சும்மா இருந்துவிடவும் இல்லை. திருப்பி எடுக்க முடியாத அடியை வைக்கவும் இல்லை. கப்பலைத் திருப்பி அழைக்கலாம். விழுந்த குண்டைத் திருப்பி அழைக்க முடியாது. எதிராளிக்கும் யோசிக்க நேரம் கிடைத்தது. அக்டோபர் 28-இல் குருஷ்சேவ் ஏவுகணைகளை எடுத்துக்கொள்ளச் சம்மதித்தார்.

அப்போது கென்னடிக்குத் தெரியாதவை எத்தனை! தீவில் சோவியத் சிப்பாய்கள் 10,000 பேர் இருக்கலாம் என்று அமெரிக்கர்கள் கணித்திருந்தார்கள். இருந்தவர்கள் 40,000-க்கும் மேல். அமெரிக்கப் படை கரையில் இறங்கினால் அதன்மேல் வீசுவதற்கென்றே சிறு அணு ஆயுதங்கள் அங்கே வந்து சேர்ந்திருந்தன. 1992-இல் ஹவானாவில் நடந்த ஒரு கூட்டத்தில்தான், அன்று பாதுகாப்பு மந்திரியாக இருந்த மக்னமாராவுக்கே இது தெரியவந்தது. அமெரிக்கக் கப்பல்கள் துரத்திய சோவியத் நீர்மூழ்கி ஒன்றில் அணுகுண்டு பொருத்திய டார்பிடோ இருந்தது. துரத்தியவர்களுக்கு அது தெரியாது. ஆகவே அன்று உலகம் பிழைத்ததில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு. விவேகம் மட்டுமே காப்பாற்றியது என்று சொன்னால், நானும் 'இருக்கலாம்' என்ற சொல்லை அழித்தவன் ஆவேன். ஆனால் இவ்வளவு சொல்லலாம்: தமக்கு எது தெரியாது என்பது கென்னடிக்குத் தெரியாது, தெரியாதது ஏதோ இருக்கிறது என்பது தெரிந்திருந்தது. அந்த நினைவோடு அவர் அடி எடுத்து வைத்தார்.

நான் கண்டவரை, மந்திரியின் கேள்விக்கு இதுதான் பதில். சந்தேகம் காரியத்தைத் தடுக்க வேண்டியதில்லை. எந்தக் காரியம் என்பதை அது தீர்மானிக்க வேண்டும். கையில் உள்ள சான்று எவ்வளவு மெலிந்ததோ அவ்வளவுக்கு, திரும்பி வர வழியுள்ள அடியாக அது இருக்க வேண்டும். திரும்ப முடியாத அடியை வைக்கிறவன், அதற்கு முன் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: இந்தச் செய்தி எத்தனை பேர் வழியாக வந்தது என்று அல்ல, எத்தனை பேர் கண்ணால் கண்டது என்று. செய்தி கொண்டு வருகிறவனுடைய அறமோ இன்னும் எளியது, ஆனால் கடினமானது. வாங்கியதை வாங்கியபடி கொடுக்க வேண்டும். செய்தியில் கலந்திருக்கும் சந்தேகம் செய்தியின் அழுக்கு அல்ல, துடைத்துவிட்டுக் கொடுப்பதற்கு. அதுவும் செய்தியில் ஒரு பகுதி. அதை இடையில் எடுத்துக்கொள்கிறவன், முடிவு செய்ய வேண்டியவருடைய உரிமையில் ஒரு பங்கை அவருக்குத் தெரியாமல் எடுத்துக்கொள்கிறான்.

நமக்கும் இதில் பங்கு இல்லாமல் இல்லை. "எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை" என்று சொல்லும் தலைவருக்கு நாம் எப்போதாவது கை தட்டியிருக்கிறோமா? மேஜையைக் குத்திப் பேசுகிறவரைத்தான் நமக்குப் பிடிக்கிறது. கேட்கிறவர்கள் உறுதியை விலை கொடுத்து வாங்கக் காத்திருந்தால், விற்கிறவர்கள் அதை உற்பத்தி செய்யாமல் என்ன செய்வார்கள்?

போன வருஷம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பழைய பேச்சுகளுக்கு நடுவே, இத்தனை நாள் சொல்லாமல் வைத்திருந்ததை அவளிடம் சொன்னேன். டீக்கடை, எதிர்வீட்டு அம்மாள், அலுவலகத்து மனிதர், அவர்கள் சொன்ன சொற்கள், நான் சொன்ன சொல், எல்லாவற்றையும். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"அவர் குடித்திருப்பார் என்று நினைக்கிறாயா?" என்றாள்.

"தெரியாது, அக்கா."

"அதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமேடா. 'தெரியாது, இப்படிச் சொல்கிறார்கள்' என்று. அப்புறம் வேண்டாமென்று நானே சொல்லியிருப்பேனோ, இன்னொரு தடவை விசாரியுங்கள் என்று சொல்லியிருப்பேனோ... என்னைக் கேட்கிறதற்கே இடம் இல்லாமல் பண்ணிவிட்டாயே."

அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கீரையை முறத்தில் ஒதுக்கிவிட்டு எழுந்து உள்ளே போனாள். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.